புதுக் கணினியின் முதல் திரை: வால்பேப்பர் கேள்விகளும் பதில்களும்

பள்ளிக் கணினிக் கூடத்துக்கு ஏற்றபடி ஒரு லினக்ஸ் இயங்குதளத்தை மாற்றியமைப்பது எப்படி என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதில் “டிஃபால்ட் வால்பேப்பரை (யாரும் மாற்றாதவரை கணினி தானாகக் காட்டும் பின்னணிப் படத்தை) நீங்களே வரைந்துகொள்ளலாம்” என்று ஒரே வரியில் கடந்துவிட்டோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள்தான் இந்த இதழின் பகுதி முழுவதும்.

கேள்வி: 1920×1080 அளவில் ஒரு படம் வரைந்தேன். என் திரையில் அழகாக இருக்கிறது. நண்பரின் பழைய மானிட்டரில் வலது ஓரத்து மரம் பாதியாக வெட்டுப்பட்டுப் போனது. எந்த அளவில் வரைந்தால் எல்லாத் திரைக்கும் பொருந்தும்?
– வாசகர், திண்டுக்கல்

அப்படி ஓர் அளவு கிடையாது. நம் கணினிக்கு நாம் வைக்கும் படம் என்றால் திரை எது என்று தெரியும். டிஃபால்ட் படம் போய்ச் சேரும் திரைகளை வரைகிறவர் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. எங்கே எவ்வளவு வெட்டுப்படும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வரைவதுதான் ஒரே வழி.

பெரும்பாலான இயங்குதளங்கள் திரை முழுவதும் நிரம்பும்வரை படத்தைப் பெரிதாக்கி, மிஞ்சுவதை வெட்டிவிடும். விண்டோஸில் இதற்கு ‘ஃபில்’ என்று பெயர், லினக்ஸின் திரைச்சூழல்களில் ஒன்றான க்னோமில் ‘ஜூம்’. உங்கள் படத்தைப் போன்ற 16:9 (அகலம்:உயரம்) விகிதப் படத்தைப் பழைய 4:3 திரையில் போட்டால் அகலத்தில் 75 விழுக்காடுதான் மிஞ்சும். இடம் வலம் இரண்டிலும் எட்டில் ஒரு பங்கு போய்விடும். உங்கள் நண்பர் வீட்டு மரத்துக்கு நேர்ந்தது இதுதான். 3:2 லேப்டாப்பில் 84 விழுக்காடும், 16:10 லேப்டாப்பில் 90 விழுக்காடும் மிஞ்சும். 3440×1440 போன்ற அகன்ற மானிட்டரில் கதை தலைகீழ்: அகலம் முழுதாக இருக்கும், உயரத்தில் 74 விழுக்காடுதான் தெரியும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பாதுகாப்பான பகுதி படத்தின் நடுவில் முக்கால் அகலம், முக்கால் உயரம். 3840×2160 படத்தில் அது ஏறத்தாழ 2880×1600. கண்ணில் பட்டே ஆக வேண்டியது எதுவானாலும் இதற்குள் இருக்கட்டும். வெளியே இருப்பது வானமாகவோ நிற விரிப்பாகவோ, வெட்டினாலும் குறையாததாக இருக்கட்டும். வரையும் மென்பொருளில் இந்தச் சட்டத்தை வழிகாட்டிக் கோடுகளாக முதலிலேயே போட்டுவிடுங்கள். வரைந்து முடித்த பிறகு சட்டம் போட்டுப் பார்ப்பவர்கள் மரத்தை நகர்த்துவதற்குப் பதில் சட்டத்தை நகர்த்தத் தொடங்கிவிடுவார்கள்.

செங்குத்தாகத் திருப்பி வைத்த மானிட்டரில் அகலத்தில் 32 விழுக்காடுகூட மிஞ்சாது. அதற்கு இந்தக் கணக்கு உதவாது. தனிப் படமே வரைய வேண்டும். லினக்ஸின் இன்னொரு திரைச்சூழலான கேடிஈ பிளாஸ்மாவில் இது எளிது. ஒரு வால்பேப்பர் என்பது அங்கே ஒரு கோப்புறை. அதற்குள் 1920×1080, 1080×1920 என்று அளவையே பெயராகக் கொண்ட பல படங்களை வைத்தால், திரைக்கு நெருக்கமானதை அதுவே எடுத்துக்கொள்ளும்.

மூலப்படம் 3840×2160க்குக் குறைய வேண்டாம், முடிந்தால் 5120×2880. மூலத்தில் ஒற்றைப் பிக்சல் கோடுகளை மட்டும் தவிருங்கள். இன்னும் ஏராளமாகப் புழங்கும் 1366×768 லேப்டாப் திரைக்கு 3840 அகலப் படம் 2.81 மடங்கு சுருங்க வேண்டும். முழு எண்ணாக வகுபடாததால் மெல்லிய கோடுகள் ஓரிடத்தில் பளிச்சென்றும் ஓரிடத்தில் மங்கியும் தெரியும். நெருக்கமான கோடுகள் என்றால் இல்லாத அலைகள் தோன்றும். 3840 மூலத்தில் 6 பிக்சலுக்குக் குறையாத கோடு என்றால் சின்னத் திரையிலும் இரண்டு பிக்சலாவது தேறும்.

கேள்வி: படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐகான்களின் பெயரைப் படிக்க முடியவில்லை. படத்தை மங்கலாக்கினால் சரியாகிவிடுமா?
– வாசகி, ஈரோடு

மங்கலாக்குவது பாதி மருந்து. எழுத்துக்குப் பின்னால் இருக்கும் ஒளியளவு ஒன்று, அந்த இடத்தின் நெரிசல் ஒன்று. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒளியளவு. ஐகான் பெயர்கள் பெரும்பாலும் வெள்ளை எழுத்து, கீழே மெல்லிய நிழல். இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறிகள் சிறிய எழுத்துக்குக் கேட்கும் ஒளி வேறுபாடு 4.5க்கு 1. வெள்ளை எழுத்துக்கு அந்த எல்லையைத் தொடும் சாம்பல் நிறம் #767676, அதாவது 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரையிலான அளவில் 118. பின்னணி அதைவிட வெளுத்தால் நிழலின் தயவில்தான் படிக்க வேண்டியிருக்கும்.

நிறங்களில் இந்தக் கணக்கு ஏமாற்றும். கண்ணுக்கு ஒளி என்று படுவதில் பச்சையின் பங்கு 71.5 விழுக்காடு, சிவப்பு 21.3, நீலம் வெறும் 7.2. 255 அளவுள்ள தனி நீலத்தின் மேல் வெள்ளை எழுத்து 8.6க்கு 1 என்று தெளிவாக நிற்கும். அதே 255 அளவுள்ள தனிப் பச்சையின் மேல் 1.4க்கு 1, எழுத்து இருக்கிறதா என்றே தேட வேண்டும். டிஃபால்ட் வால்பேப்பர்களில் நீலமும் ஊதாவும் திரும்பத் திரும்ப வருவதற்கு ரசனை மட்டும் காரணமில்லை.

அடுத்தது நெரிசல். ஐகான் பெயர் விழும் இடத்தில் 150×60 பிக்சல் துண்டு ஒன்றைத் தெரிவு செய்து ஹிஸ்டோகிராமை (எந்த ஒளியளவில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடத்தை) பாருங்கள். மிகக் கறுத்ததற்கும் மிக வெளுத்ததற்கும் இடையே 40 படிகளுக்குள் இருந்தால் நல்லது. 100ஐத் தாண்டினால் அங்கே இலைக்கூட்டமோ கூழாங்கல்லோ இருக்கிறது என்று பொருள். எழுத்துக் கோட்டின் தடிமனும் படத்தின் நுணுக்கமும் ஒரே அளவில் இருக்கும்போதுதான் கண் குழம்பும். மேகம் போன்ற பெரிய வடிவங்கள் தொந்தரவு தராது. எறும்பு அளவு மணல் புள்ளிகளும் அவ்வளவாகத் தராது.

விண்டோஸில் ஐகான்கள் இடது ஓரத்திலிருந்து நிரம்பும். மேக்கில் வலது ஓரத்திலிருந்து. எந்த இயங்குதளத்துக்கு வரைகிறீர்களோ அந்த ஓரத்தைச் சாந்தமாக விட்டுவிடுங்கள்.

இந்த வகையில் பாடமாக வைக்க வேண்டிய படம் விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைக் குன்றுதான். சார்லஸ் ஓ’ரியர் 1996 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சோனோமா மாவட்டத்தில் மாமியா ஆர்இசட்67 கேமராவில், ஃபுஜி வெல்வியா ஃபிலிமில் எடுத்தது. பூச்சி தாக்கியதால் திராட்சைக் கொடிகளைப் பிடுங்கியிருந்த நேரம். அதனால்தான் குன்று வெறும் புல்லாக இருந்தது. கொடிகள் இருந்திருந்தால் அது வரிவரியாகத்தான் தெரிந்திருக்கும், ஐகானுக்கு ஆகாது. படத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். நடுவில் எதுவுமே இல்லை. மரமில்லை, வீடில்லை, ஆளில்லை. மேலே வானம், கீழே புல், இரண்டையும் பிரிக்கும் சாய்ந்த கோடு. எந்தப் பக்கம் வெட்டினாலும் அது அதே படம்தான். 2001இல் எக்ஸ்பியோடு வந்த கோப்பு வெறும் 800×600. ஐகான் பெயருக்கு நிழல் விழ வைத்ததும் அதே எக்ஸ்பிதான். அதற்கு முன் பெயருக்குப் பின்னால் ஒரே நிறத்தில் ஒரு கட்டம் இருக்கும். வெளிர்நீல வானத்தில் வெள்ளை எழுத்து பிழைத்ததில் அந்த நிழலுக்கும் பங்குண்டு.

கேள்வி: கருநீலத்திலிருந்து கறுப்புக்கு மெல்ல மாறுவதுபோல ஒரு பின்னணி செய்தேன். திரையில் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக வரிகள் தெரிகின்றன. மானிட்டர் பழுதா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

மானிட்டரைத் திட்டாதீர்கள். குற்றம் எண்களில் இருக்கிறது. சாதாரணப் படக்கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் (8 பிட்). உங்கள் பின்னணி இடது ஓரத்தில் 60இலும் வலது ஓரத்தில் 20இலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடையே இருப்பது 40 படிகள். 3840 பிக்சல் அகலத்தை 40ஆல் வகுத்தால் ஒவ்வொரு படியும் 96 பிக்சல் அகலப் பட்டையாகிவிடுகிறது. அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையே வேறுபாடு ஒரே ஒரு படிதான் என்றாலும், விளிம்புகளை மிகைப்படுத்திப் பார்ப்பது கண்ணின் இயல்பு. இருட்டான நிறங்களில் அது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். விலை குறைந்த லேப்டாப் திரைகள் பல, உள்ளே நிறத்துக்கு 64 படிகளை மட்டுமே காட்டி, மீதியை வேகமாக மாற்றி மாற்றி ஒப்பேற்றுபவை. அங்கே வரிகள் இன்னும் தடித்துத் தெரியும்.

தீர்வு, படத்தில் சிறிது இரைச்சல் சேர்ப்பது. மாவு தூவுவதுபோல ஒவ்வொரு பிக்சலையும் ஓரிரு படி மேலே கீழே சிதறவிட்டால் விளிம்பு கரைந்துவிடும். செய்யும் வரிசைதான் முக்கியம். பலரும் தவறுவது இங்கேதான்.

கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் என்றால் படத்தைத் தொடங்கும்போதே துல்லியத்தை, படிகள் மிக அதிகமுள்ள 16 பிட் அல்லது 32 பிட் என்று வைத்துவிடுங்கள். நிற விரிப்பு, ஒளி, மங்கல் எல்லா வேலையும் அதில் நடக்கட்டும். கிரேடியன்ட் கருவியில் ‘டித்தரிங்’ (படிகளைச் சிதறவிடுவது) என்ற தெரிவு இருக்கும், அதை இயக்குங்கள். எல்லாம் முடிந்த பிறகு கடைசி அடுக்காக இரைச்சல். 255இல் இரண்டு படிக்கு மேல் வேண்டாம். மூன்று நிறத்துக்கும் ஒரே அளவாக இருந்தால் வண்ணப் பொட்டுகள் தெரியாது. அதன் பிறகுதான் 8 பிட்டுக்கு இறக்க வேண்டும். இறக்கும்போதும் கிம்ப் டித்தரிங் வேண்டுமா என்று கேட்கும், ஆமென்று சொல்லுங்கள். 8 பிட்டில் வரைந்து, வரிகள் விழுந்த பிறகு 16 பிட்டுக்கு மாற்றுவதில் பயனில்லை. போன படிகள் திரும்பி வராது.

இன்னொரு பொறி இருக்கிறது. 3840 படத்தை இயங்குதளம் 1920க்குச் சுருக்கும்போது நான்கு பிக்சல்களின் சராசரியை எடுக்கும். அதில் நீங்கள் தூவிய மாவும் பாதியாகிவிடும். அரைப்படி இரைச்சல் மட்டும் போட்டிருந்தால் வரிகள் மீண்டும் தலைகாட்டும். இரண்டு படி என்று சொன்னது அதனால்தான். இன்னும் நல்லது, ஒவ்வோர் அளவுக்கும் தனியாகச் சுருக்கி, சுருக்கிய பிறகு இரைச்சல் போடுவது.

இதற்கு விலையும் உண்டு. இரைச்சல் இல்லாத நிற விரிப்பு பிஎன்ஜி கோப்பில் சில நூறு கேபியில் அடங்கும். இரைச்சல் போட்டதும் அது பல எம்பி ஆகிவிடும், ஏனென்றால் சிதறலைச் சுருக்க வழியில்லை. ஜேபெக்கில் சேமித்தால் அளவு குறையும். ஆனால் தரத்தை 80க்கு இறக்கினால் அது முதலில் துடைத்தெறிவது உங்கள் இரைச்சலைத்தான். 92க்குக் கீழே போகாதீர்கள். நிறத் தகவலைக் கால்பங்காக்கும் 4:2:0 தெரிவை 4:4:4 என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் சிவப்பு விளிம்புகள் கசிந்ததுபோல் தெரியும். விண்டோஸ் 10 போன்றவை ஜேபெக் வால்பேப்பரை அப்படியே காட்டாமல் 85 தரத்தில் மறுபடி சுருக்கி ஒரு நகல் வைத்துக்கொள்கின்றன. அங்கே சோதிக்காமல் ‘வரி போய்விட்டது’ என்று சொல்ல முடியாது.

கேள்வி: இருள் பயன்முறைக்குத் தனிப் படம் வேண்டுமா? பகல் படத்தின் ஒளியைக் குறைத்தால் போதாதா?
– வாசகர், பெங்களூரு

ஒளியை 40 விழுக்காட்டுக்குக் குறைத்தால் 256 படிகள் 102 படிகளாக ஒடுங்கிவிடும். மேலே சொன்ன வெங்காயத் தோல் அப்போது உத்தரவாதம். தவிர, ஒளி குறைத்த பகல் படம் இரவுபோல இருக்காது. அழுக்கான பகல்போலத்தான் இருக்கும். வெளிச்சம் வரும் திசை, நிழலின் நிறம், எது மினுங்குகிறது என்பதெல்லாம் மாறினால்தான் இரவு. வெக்டர் வரைபடமாகவோ, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளிலோ செய்தால் விளக்குகளை மட்டும் மாற்றி மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம்.

வடிவங்கள் மட்டும் ஒரு பிக்சல்கூட நகரக் கூடாது. க்னோம் 42 (2022) முதல் ஒரு வால்பேப்பருக்குப் பகல், இரவு என்று இரு படங்கள் உண்டு. பயன்முறை மாறும்போது ஒன்று கரைந்து மற்றது தெரியும். மலை முகடு இரண்டு பிக்சல் தள்ளியிருந்தால் அந்த நொடியில் மலை குதிக்கும். விண்டோஸ் 11இன் மலர்ந்த நீல வடிவமும் இரு நிறத்தில் வருகிறது. பிளாஸ்மாவில் இரவுப் படங்களுக்குத் தனிக் கோப்புறை. ஆப்பிள் இன்னும் ஒரு படி மேலே போய், 2018இல் மேக் இயங்குதளத்தின் மோஹாவே பதிப்பில் 16 படங்களை ஒரே ஹெச்இஐசி படக்கோப்பில் அடைத்தது. ஒவ்வொன்றுக்கும் சூரியனின் உயரமும் திசையும் எழுதியிருக்கும். நீங்கள் இருக்கும் ஊரில் அந்த நேரத்துச் சூரியன் எங்கே என்று பார்த்து அது படத்தை எடுக்கும்.

இரவுப் படம் செய்பவர்கள் மறப்பது ஜன்னல்களை. இருள் பயன்முறையில் ஜன்னல்கள் 30 முதல் 50 வரையுள்ள சாம்பல் நிறத்தில் இருக்கும். உங்கள் வால்பேப்பரும் அதே சாம்பலில் இருந்தால் ஜன்னல் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஒளியளவு கிட்டத்தட்ட ஒன்றானாலும் நிறம் வேறாக இருக்கட்டும். கரும்பச்சையோ கருநீலமோ தாராளம்.

கேள்வி: எங்கள் பள்ளிக் கணினிகளுக்குக் கோலத்தை வால்பேப்பராக வைக்க ஆசை. 21 புள்ளி சிக்குக் கோலத்தை ஸ்கேன் செய்து வைத்தேன். ஏனோ கண்ணைப் பிடுங்குகிறது.
– ஆசிரியை, கும்பகோணம்

ஆசை நல்லது. 21 புள்ளிதான் தொல்லை. பாதுகாப்பான உயரம் 1600 பிக்சல். அதில் 21 புள்ளிகளை நிறுத்தினால் புள்ளிக்குப் புள்ளி 76 பிக்சல் இடைவெளி. அதுவே 1366 திரையில் 27 பிக்சலாகிவிடும். திரையில் ஐகான் ஏறத்தாழ 48 பிக்சல், அதன் பெயர் எழுத்து 12 முதல் 15. ஆக உங்கள் கோலத்தின் ஒவ்வொரு சுழியும் ஐகானுக்கும் எழுத்துக்கும் நடுவிலான அளவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கண் அதையும் ஓர் ஐகானாக நினைத்துத் துழாவுகிறது. மேலும், சமச்சீரான கோலத்தின் அழகு அதன் நடுவில். கணினியில் நடுவிடத்தைத்தான் எப்போதும் ஏதாவது ஒரு ஜன்னல் மறைத்துக்கொண்டிருக்கும்.

ஐந்து புள்ளிக் கோலத்தை எடுங்கள். முழுவதையும் காட்ட வேண்டாம். புள்ளி இடைவெளி 600 பிக்சல் வரும்படி பெரிதாக்கி, வலது கீழ் மூலையில் ஒரு கால்பங்கு மட்டும் தெரியும்படி வையுங்கள்; மீதி திரைக்கு வெளியே போகட்டும். கோட்டின் தடிமன் 50 முதல் 70 பிக்சல். நிறத்துக்கு வெள்ளை வேண்டாம். பின்னணியைவிட 15 அல்லது 20 படி மட்டும் வெளுத்த அதே நிறம் போதும். ஸ்கேன் செய்ததை அப்படியே வைக்காமல் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வளைகோடாக வரைந்துகொண்டால், கோடு வளையும் இடத்தில் பிசிறு இருக்காது. கைக்கோலத்தின் உயிர் அந்தப் பிசிறில்தானே என்று கேட்டால், ஆமாம். அதை வாசலுக்கு விட்டுவிடுவோம்.

கேள்வி: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் புகைப்படத்தை எங்கள் இயங்குதளத்தோடு சேர்த்துத் தரலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

‘இலவசம்’ என்ற சொல்லை நம்பி இறங்காதீர்கள். வால்பேப்பரைத் தன் திரையில் வைப்பது வேறு, இயங்குதளத்தோடு பிறருக்கு வினியோகிப்பது வேறு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனைப் பொறுத்தவரை கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமங்களில் சிசி0, சிசி-பிஒய், சிசி-பிஒய்-எஸ்ஏ 4.0 ஆகியவை பொருந்தும். ‘வணிகத்துக்கு அல்ல’, ‘மாற்றக் கூடாது’ என்ற நிபந்தனை உள்ளவை அதன் நெறிகளில் தேறாது. காரணம் எளிது, அந்த இயங்குதளத்தைக் கணினியில் ஏற்றி விற்கிறவருக்கும் உரிமை இருக்க வேண்டும். இலவசப் புகைப்படத் தளமான அன்ஸ்பிளாஷ் 2017இல் சிசி0வை விட்டுத் தன் சொந்த உரிமத்துக்கு மாறியது. ஒருகாலத்தில் தேறிய தளம் இன்றும் தேறும் என்று எண்ணுவது அடிக்கடி நடக்கும் பிழை. படத்தோடு எடுத்தவர் பெயர், உரிமம், எடுத்த நாள் மூன்றையும் ஓர் உரைக்கோப்பில் எழுதி வையுங்கள். வரைந்த படமென்றால் எஸ்விஜி, பிளெண்டர், கிம்ப் மூலக்கோப்புகளையும் சேர்த்துத் தருவது முறை.

உரிமம் சரியாக இருந்தாலும் நான்கு வகைப் படங்களைத் தவிருங்கள். முகம் தெரியும் மனிதர்கள், மதச் சின்னம், கொடி, நாட்டு வரைபடம். வரைபடம் எவ்வளவு சூடு என்பதற்கு விண்டோஸ் 95 சாட்சி: நேர மண்டலம் தேர்ந்தெடுக்கும் சின்னஞ்சிறு வரைபடத்தில் காஷ்மீரின் சில பிக்சல்கள் வேறு பச்சையில் இருந்ததற்கே இந்தியாவில் பிரச்சினை கிளம்பியது. படத்துக்குள் எழுத்தும் வேண்டாம். வெட்டுப்படும், மொழிபெயர்க்க முடியாது, அடுத்த பதிப்பில் பழசாகும்.

கேள்வி: ஒரு வால்பேப்பர் போனையே முடக்கிவிட்டது என்கிறார்களே, நம்பலாமா?
– வாசகி, கோலாலம்பூர்

நம்பலாம், 2020இல் நடந்தது. அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் எடுத்த ஓர் ஏரிப் படம். அதை வால்பேப்பராக வைத்த ஆண்ட்ராய்டு 10 போன்கள் சில, சாம்சங்கும் கூகுள் பிக்சலும் உட்பட, அணைந்து அணைந்து எரியத் தொடங்கின. படத்தில் வைரஸ் எதுவும் இல்லை. வழக்கமான நிறவெளியான (எந்த எண் எந்த நிறம் என்று சொல்லும் முறை) எஸ்ஆர்ஜிபிக்குப் பதில் புரோஃபோட்டோ என்ற அகன்ற நிறவெளியில் சேமிக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். வால்பேப்பர் எவ்வளவு வெளிச்சம் என்று அறிய ஆண்ட்ராய்டு ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தைப் பெருக்கிக் கூட்டி, 0 முதல் 255 வரை எண்ணிட்ட 256 பெட்டிகளில் ஒன்றில் போடும். இந்தப் படத்தில் ஒரு பிக்சலின் கூட்டுத்தொகை 256 ஆகிவிட்டது. அப்படி ஒரு பெட்டி இல்லை. நிரல் விழுந்தது, எழுந்ததும் அதே படத்தைத் திறந்து மறுபடி விழுந்தது.

டிஃபால்ட் படம் செய்கிறவர்களுக்கு இதில் வேலை ஒன்று உண்டு. கடைசிக் கோப்பை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, அந்த நிறக்குறிப்பையும் உள்ளே பதித்துத் தாருங்கள். ‘மாற்று’ என்பதும் ‘ஒதுக்கு’ என்பதும் வேறு. ஒதுக்கினால் எண்கள் அப்படியே இருக்க, பெயர்ப்பலகை மட்டும் மாறி, நிறம் கெடும். அகன்ற நிறவெளியிலேயே விட்டுவிட்டால், நிறக்குறிப்பைக் கவனிக்காத டெஸ்க்டாப்புகளில் உங்கள் செம்பருத்தி செங்கல் நிறமாகத் தெரியும்.

கேள்வி: 8கே வால்பேப்பர் வைத்தால் கணினி மெதுவாகுமா?
– வாசகர், தேனி

கோப்பின் அளவைப் பார்க்காதீர்கள், விரித்த அளவைப் பாருங்கள். அகலம் × உயரம் × 4 பைட். 4கே படம் 2 எம்பி ஜேபெக்காக இருந்தாலும் நினைவகத்தில் 33 எம்பி. 5120×2880 என்றால் 59 எம்பி, 8கே என்றால் 133 எம்பி. 2 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் 8கே வீண்செலவு.

கேள்வி: நாங்கள் வரைந்த படத்தை டெபியன் க்னோம் கணினிகள் நாற்பதில் எல்லா மாணவர் கணக்குக்கும் டிஃபால்ட்டாக வைக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் படத்தின் மேல் எங்கள் படத்தை அதே பெயரில் போட்டோம். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு பழைய படமே திரும்பிவிட்டது.
– கணினி ஆசிரியர், விருதுநகர்

திரும்பத்தான் செய்யும். அந்தக் கோப்பு ஒரு மென்பொருள் பொதிக்கு (பேக்கேஜ்) சொந்தம். பொதி புதுப்பிக்கப்படும்போதெல்லாம் தன் கோப்பைத் தானே மீட்டுக்கொள்ளும். உங்கள் படத்துக்கு வேறு பெயரிட்டு, யூஎஸ்ஆர், ஷேர், பேக்கிரவுண்ட்ஸ் என்ற வரிசையிலுள்ள பொதுக் கோப்புறையில் தனிப் பிரிவாக வையுங்கள். பிறகு க்னோமின் இயல்பு அமைப்புகளைச் சொல்லும் ஜிலிப் ஸ்கீமாக்கள் இருக்கும் கோப்புறையில், 90 என்று தொடங்கும் பெயரில், அவற்றை மாற்றிச் சொல்லும் ஓர் ‘ஓவர்ரைடு’ கோப்பு. அதில் க்னோம் டெஸ்க்டாப் பேக்கிரவுண்ட் என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகள்: பிக்சர்-யூஆர்ஐ ஒன்று, பிக்சர்-யூஆர்ஐ-டார்க் ஒன்று. இரண்டாவதை மறந்தால் இருள் பயன்முறை வைத்திருக்கும் மாணவருக்குப் பழைய படம்தான் தெரியும். எழுதிய பின் ஸ்கீமாக்களைக் கம்பைல் செய்யும் கட்டளையை ஒருமுறை ஓட்ட வேண்டும். அதை ஓட்டாதவரை ஓவர்ரைடு வெறும் காகிதம்.

இது டிஃபால்ட்டை மட்டுமே மாற்றும். ஏற்கெனவே தானாக ஒரு படம் வைத்துக்கொண்ட மாணவரின் திரை மாறாது. அது குறையல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். தேர்வு நாளில் எல்லாத் திரையும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்றால், க்னோமின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் டிகான்ஃபில் பூட்டு போடும் வசதி உண்டு.

சில கணினிகளில் மட்டும் படத்துக்குப் பதில் வெறும் நிறம் தெரிந்தால், படம் நிர்வாகியின் ஹோம் கோப்புறையில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றவர் கணக்குகளுக்கு அதைத் திறக்க அனுமதி இருக்காது. உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் கோப்புறைகள், பிறர் நுழைய முடியாத 750 அனுமதியோடுதான் உருவாகின்றன. எல்லோரும் திறக்கும்படி படத்துக்கு 644, அது இருக்கும் கோப்புறைக்கு 755 என்ற அனுமதி கொடுங்கள்.

பெயர் வைக்கும்போது கொஞ்சம் யோசித்து வையுங்கள். உபுண்டுவின் முதல் பதிப்பு 2004இல் ‘வார்ட்டி வார்ட்ஹாக்’ என்று ஒரு காட்டுப்பன்றியின் பெயரில் வந்தது. அதன் டிஃபால்ட் படத்துக்கு ‘வார்ட்டி-ஃபைனல்’ என்று யாரோ பெயரிட்டார்கள். பதிப்புக்குப் பதிப்பு விலங்கு மாறியது, படம் மாறியது. கோப்பின் பெயர் மட்டும் வருடக்கணக்காக அதுவாகவே இருந்தது.